மாட்டுக் காதும் வங்கி ரசீதும்

போன மாசி மாதம் விழுப்புரத்தில் மாணவர்கள் நடத்தும் ஒரு வாசகர் வட்டத்தில், அம்பேத்கரின் 'ரூபாயின் பிரச்சினை' நூலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் தமிழ் எம்.ஏ. பொருளாதாரம் எனக்குப் பாடமாக வந்ததில்லை, கடன் வாங்கியவர்கள் பட்ட பாட்டின் வழியாக வந்தது. தட்டுத் தடுமாறிப் பேசி முடித்து டீக்கடையில் நின்றபோது விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு தம்பி பக்கத்தில் வந்து நின்றான். கையில் போன். திரையில் ஹர்ஷத் மேத்தா. அசல் மேத்தா அல்ல, தொடரில் அவராக நடித்த பிரதீக் காந்தியின் முகம்.

"அக்கா, இவுரு நம்மளாட்டம் ஒண்ணுமில்லாம வந்தவருதானே? மேல வந்ததும் எல்லாஞ் சேந்து தட்டிட்டானுங்க. நீங்க இதையும் பேசணுங்க்கா."

எனக்கு உடனே பதில் வரவில்லை. 'நம்மளாட்டம்' என்ற சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அன்றைக்கு ராத்திரிதான் இன்னொரு பையன் சொன்னான்: அந்தத் தம்பி உதவித்தொகையில் பதினோராயிரம் ரூபாயைப் பங்குச் சந்தையில் 'ஆப்ஷன்' விளையாடி விட்டுவிட்டான், வீட்டுக்குத் தெரியாது. 2024 செப்டம்பரில் செபி ஒரு கணக்கு வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் இந்த வகை வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேருக்கு நஷ்டம். ஆக, தம்பி தனியாள் இல்லை. ஆனால் அவனை அங்கே கூட்டிப்போனது கணக்கு அல்ல, ஒரு கதை. அந்தக் கதையைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

'ஸ்கேம் 1992' தொடர் 2020 அக்டோபரில் சோனி லிவ் தளத்தில் வந்தது. பத்துப் பகுதிகள். இயக்கம் ஹன்சல் மேத்தா. பத்திரிகையாளர்கள் சுசேதா தலாலும் தேபாஷிஷ் பாசுவும் 1993ல் எழுதிய புத்தகத்தை அடிப்படையாகக் கொண்டது. யார் ஜெயித்தார், யார் தோற்றார், யார் தப்பினார் என்று தலைப்பிலேயே கேட்டுக்கொண்டு வந்த புத்தகம் அது. அதற்கு நாயகன் தேவைப்படவில்லை. எந்த வங்கி எந்தச் சீட்டை யாருக்குக் கொடுத்தது என்பதே அதன் கவலை. தொடருக்கு வரும்போது இது தலைகீழாகிறது. மூன்று கேள்விகளும் பின்னால் போய், 'எப்படி ஏறினான்' என்ற ஒரே கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. காமிரா அந்த முகத்தை விட்டு நகர மாட்டேனென்கிறது. அவர் நடந்து வந்தால் இசை எழுகிறது. பிரதீக் காந்தி நல்ல நடிகர், அதை மறுக்கவில்லை. நல்ல நடிகர் என்பதால்தான் ஆபத்து அதிகம்.

ஏற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1954ல் குஜராத்தின் ராஜ்கோட் மாவட்டத்தில் பானேலி மோட்டி என்ற ஊரில் ஒரு ஜைனக் குடும்பத்தில் பிறந்தவர் ஹர்ஷத் மேத்தா. அப்பாவுக்குச் சிறிய துணி வியாபாரம். பம்பாயின் காந்திவலி, பிறகு ராய்ப்பூர், மறுபடியும் பம்பாய். 1976ல் பி.காம். சின்னச் சின்ன வேலைகள், நியூ இந்தியா அஷ்யூரன்ஸில் கொஞ்சக் காலம், பிறகு தரகர்களிடம் எடுபிடி. 1984ல் கூட்டாளிகள் உதவியோடு பம்பாய்ப் பங்குச் சந்தையில் தரகர் அட்டை வாங்குகிறார். 'குரோமோர்' என்று கம்பெனி. 1991, 92ல் சந்தையே அவர் கை அசைவுக்கு ஆடியது. 200 ரூபாய்க்கு இருந்த ஏ.சி.சி. சிமெண்ட் பங்கு 9,000 ரூபாயை நெருங்கியது. 1990 ஜூலையில் 1,000 புள்ளியைத் தொட்டிருந்த பங்குக் குறியீடு 1992 மார்ச் 30 அன்று 4,000த்தைத் தாண்டியது. 'பிக் புல்' என்று பேர் வைத்தார்கள். பெரிய காளை.

இந்தக் காளை தின்ற வைக்கோல் எங்கிருந்து வந்தது? தொடர் இதைப் பரபரப்பாகக் காட்டுகிறது, ஆனால் பார்த்து முடித்த பத்துப் பேரைக் கேட்டால் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதனால் நம்ம பாஷையில் சொல்கிறேன்.

அன்றைக்கு வங்கிகள் வாங்குகிற 100 ரூபாய் டெபாசிட்டில் 38.50 ரூபாயை அரசாங்கப் பத்திரங்களில் போட்டு வைக்க வேண்டும் என்று சட்டம். ஒரு வங்கியிடம் பத்திரம் கூடுதலாக இருக்கும், கையில் காசு இருக்காது. இன்னொரு வங்கியிடம் காசு இருக்கும், பத்திரம் குறையும். அதனால், 'இப்போ வாங்கிக்கோ, பதினைந்து நாள் கழித்து நானே கூடுதல் விலைக்குத் திருப்பி வாங்கிக்கிறேன்' என்று விற்பார்கள். பேர்தான் விற்பனை. சங்கதி அடகு.

நாம் கம்மலை அடகு வைத்தால் அடகுக்கடைக்காரர் கம்மலைக் கழற்றி வாங்கி உரைத்துப் பார்த்து, எடைபோட்டு, உள்ளே வைத்துப் பூட்டிய பிறகுதான் காசை நீட்டுவார். வங்கிகளுக்குள் நடந்ததில் கம்மல் கைமாறவில்லை. 'கம்மல் எங்களிடம்தான் இருக்கிறது' என்று ஒரு சீட்டு மட்டும் கைமாறியது. அதற்கு 'பேங்க் ரிசீட்' என்று பேர். சுருக்கமாக பி.ஆர். இப்படியே பழகி, நாளாவட்டத்தில் கம்மலே இல்லாமல் சீட்டு மட்டும் எழுத ஆரம்பித்தார்கள். பேங்க் ஆஃப் கராட், மெட்ரோபாலிடன் கூட்டுறவு வங்கி என்ற இரண்டு சின்ன வங்கிகள் பின்னால் ஒன்றுமே இல்லாத சீட்டுகளைக் கொடுத்தன. பெரிய வங்கிகள் அவற்றை வாங்கிக்கொண்டு கோடிகளை நீட்டின. நடுவில் தரகர். வங்கியின் பேருக்கு எழுதிய செக்குகள் தரகரின் கணக்கில் வரவாயின. 'இதுதான் சந்தை வழக்கம்' என்றார்கள். அந்தக் காசுதான் பங்குச் சந்தைக்குள் போய் விலைகளை ஏற்றியது.

இதில் நேஷனல் ஹவுசிங் பேங்க் என்ற நிறுவனத்தைக் கவனிக்க வேண்டும். ஜனங்கள் வீடு கட்டக் கடன் கிடைக்க வேண்டும் என்பதற்காக 1988ல் ரிசர்வ் வங்கி உண்டாக்கிய அமைப்பு. அது ஏ.என்.இசட். கிரிண்ட்லேஸ் வங்கி பேருக்கு எழுதிய நூற்றுக்கணக்கான கோடி ரூபாய்க்கான செக்குகள் மேத்தாவின் கணக்குக்குப் போயின. வீடு கட்டுவதற்கென்று ஏற்பட்ட அமைப்பின் காசு! தொகுப்பு வீட்டுக்கு மனு போட்டு மனு போட்டு மேல்கூரை இல்லாமல் செத்துப்போன எங்கள் பெரியம்மா ஞாபகம் வருகிறது. சரி, அது இருக்கட்டும்.

அதே 1992. அதே பங்குனி. எனக்கு ஒரு வயசு. எங்க அம்மா கறவை மாட்டுக் கடனுக்கு அலைந்த கதையைச் சொல்லாமல் இந்தத் தொடரை என்னால் விமர்சிக்க முடியாது. பாதி மானியம், பாதி கடன் என்று தாழ்த்தப்பட்டோருக்கு இருந்த அரசுத் திட்டம். கேட்டது நாலாயிரம் ரூபாய். வங்கியின் பேர் வேண்டாம். சாதிச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் கார்டு. சுற்று வட்டாரத்தில் இருந்த அத்தனை வங்கியிலும் சொசைட்டியிலும் 'பாக்கி ஏதும் இல்லை' என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும். அம்மா அதற்காக ஒன்பது நாள் நடந்திருக்கிறாள், ஒன்பது நாள் கூலியும் போனது. ஜாமீனுக்கு நிலம் இருக்கிற ஆள் வேண்டும். நிலம் இருக்கிற ஆள் ஊரில் இருக்கிறான், சேரியில் ஏது? ஊரில் ஜாமீன் கேட்டால் அவன் களத்தில் ரெண்டு போகம் சும்மா வேலை செய்ய வேண்டும். செய்தார்கள்.

மாடு வாங்கியாயிற்று. மாட்டு டாக்டர் வந்து காதில் இன்சூரன்ஸ் தகடு அடித்தார். மாடு செத்தால் தகட்டோடு காதை அறுத்துக் கொண்டு வந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கிடையாது. மூன்றாம் வருஷம் மாடு செத்தது. அம்மா காதை அறுத்துத் துணியில் சுற்றிப் பஸ்ஸில் எடுத்துப் போனாள். நாற்றம் தாங்காமல் கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்டதாகச் சொல்லுவாள். மிச்ச தூரம் நடை. ஆபீசில் தகட்டைப் பார்த்தார்கள். புத்தகத்தில் இருந்த நம்பரில் ஒரு எழுத்து அழிந்து போயிருந்தது. காதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடனை வட்டியோடு முழுசாகக் கட்டி முடித்தது நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது.

தொடரில் வங்கி அதிகாரிகள் கண்ணாடி அறையில் உட்கார்ந்து சீட்டுகளைக் கைமாற்றுகிற காட்சியைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் துணிமூட்டைதான் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அத்தினி கோடிக்கு அவுங்கிட்ட இன்னா காதுடி கேட்டானுங்க?"

இந்த இடத்தில்தான் என் விமர்சனம் தொடங்குகிறது. வங்கித் தொழில் நம்பிக்கையில் நடக்கிறது என்கிறார்கள். யாரை நம்புவது, யாரிடம் காதைக் கேட்பது என்பது ஏற்கெனவே தீர்மானமான நாட்டில் நம்பிக்கை என்பது சாதியின் இன்னொரு பேராக இருக்கிறது. ஜைனர் என்பதால் அவர் திருடினார் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். திருடுவதற்குச் சாதி தேவையில்லை. ஆனால் சீட்டைத் திருப்பிப் பார்க்காமல் கோடியை நீட்டுகிறானே, அந்த நீட்டுகிற கைக்குப் பழக்கப்பட்ட முகம் தேவை. அந்தப் பழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தெருவுக்குள், உறவுக்குள், தொழிலுக்குள் சேர்ந்தது. தொடருக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. அது மேத்தாவை வெளியாளாகக் கட்டமைக்கிறது. ஒரு பக்கம் கோட்டு சூட்டு போட்ட வெளிநாட்டு வங்கிக்காரர்கள், இங்கிலீஷ், கிளப். இன்னொரு பக்கம் குஜராத்தி பேசுகிற, நெருக்கடியான வீட்டிலிருந்து வந்த நம்ம ஆள். இரண்டு மேல்தட்டுகளுக்கு இடையில் நடந்த சண்டையை மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் நடந்த சண்டையாக நம்மிடம் விற்றுவிட்டார்கள். விடுதித் தம்பி அதைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான்.

அசல் வெளியாள் எப்படியிருப்பான் என்று காட்ட அதே பம்பாயில் ஒரு கதை இருக்கிறது. 1917ல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு இளைஞர் திரும்பி வருகிறார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர். பரோடா சமஸ்தானத்து வேலைக்குப் போனார். தங்க இடம் கிடைக்கவில்லை. தங்கிய பார்சி விடுதியிலிருந்தும் தடிகளோடு வந்து விரட்டினார்கள். பம்பாய்க்குத் திரும்பினார். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு தொழில் தொடங்கினார். என்ன தொழில் தெரியுமா? பங்கு வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் ஆலோசனை சொல்கிற தொழில்! ஆட்கள் வரத்தான் செய்தார்கள். ஆலோசனை சொல்கிறவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வருவதை நிறுத்தினார்கள். தொழில் மூடப்பட்டது. 1918ல் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கேயும் ஆசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் குடிப்பதை மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். 'ரூபாயின் பிரச்சினை' 1923ல் வந்தது.

பாபாசாகேப் அம்பேத்கரின் வாழ்க்கை வரலாறுகளில் இந்தப் பங்கு ஆலோசனைக் கதை ஒன்றிரண்டு வரிகளில் கடந்து போகிறது. நாமும் அதைத் தாண்டி மகத் குளத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் இந்த ஒன்றிரண்டு வரிகளுக்குள் இந்திய மூலதனத்தின் வரலாறே இருக்கிறது. பங்குத் தரகர்கள் 1875ல் பம்பாயில் சங்கம் அமைத்தார்கள். நாற்பது வருஷம் கழித்து அந்தத் தொழிலுக்கு அந்த ஊரிலேயே அதிகம் படித்த ஒருவர் வந்து நிற்கிறார். அவர் சொன்ன ஆலோசனை தப்பு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து வந்தது என்பதுதான் தீட்டு. நாடகத்துக்கு வேண்டிய அத்தனையும் இதில் இருக்கிறது. பத்துப் பகுதி எடுக்க ஆள் இல்லை.

தொடரின் நிலக்காட்சியையும் பார்த்துவிடலாம். மேத்தா வாழ்ந்தது வொர்லியில், கடலைப் பார்த்த மாதிரி 15,000 சதுர அடி வீடு. நீச்சல் குளம், வாசலில் லெக்சஸ் கார். தொடர் இதையெல்லாம் ஆசை ஆசையாகக் காட்டுகிறது. அதே வொர்லியில் பி.டி.டி. சால்கள் இருக்கின்றன. 1920களில் ஆங்கில அரசு கட்டிய வரிசைக் கட்டிடங்கள். ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடி. தலித் மக்கள் நிறையப் பேர் வாழ்ந்த இடம். 1974 ஜனவரியில் தலித் பேந்தர் கூட்டத்தை ஒட்டிக் கலவரம் வெடித்தது அங்கேதான். அதைத் தொடர்ந்து நடந்த பேந்தர் ஊர்வலத்தின்மீது மேலிருந்து கல்லைப் போட்டதில் பகவத் ஜாதவ் என்ற தோழர் செத்துப்போனார். பத்துப் பகுதிகளில் வொர்லி என்றால் கடல்தான். நான் பார்த்தவரை சால் ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை. காமிராவைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் 'ஒண்ணுமில்லாம வந்தவர்' என்ற வசனம் நிற்காமல் போயிருக்கும்.

இனி வீழ்ச்சி. 1992 ஏப்ரல் 23 அன்று சுசேதா தலால் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் ஸ்டேட் வங்கியின் கணக்கில் விழுந்த 500 கோடி ஓட்டையைப் பற்றி எழுதினார். இந்த எழுத்துக்கு நான் தலை வணங்குகிறேன். சந்தை சரிந்தது. ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் கமிட்டி 4,000 கோடிக்கு மேல் கணக்கு இடிப்பதாகச் சொன்னது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு உட்கார்ந்தது. இதற்கென்றே சிறப்பு நீதிமன்றச் சட்டம் போட்டார்கள். 1992 நவம்பரில் சி.பி.ஐ. கைது செய்தது, சில மாதங்களில் ஜாமீன். 1993 ஜூனில் பிரதமர் நரசிம்ம ராவுக்கு ஒரு கோடி கொடுத்ததாகப் பெட்டியோடு வந்து பத்திரிகையாளர்களிடம் சொன்னார். ராவ் மறுத்தார், அது நிரூபணமாகவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பத்திரிகைகளில் எந்தப் பங்கை வாங்கலாம் என்று பத்தி எழுதினார். அதைப் படித்து வாங்கவும் ஆட்கள் இருந்தார்கள். 1999 செப்டம்பரில் மாருதி நிறுவனத்தின் 38.97 கோடி சம்பந்தமான வழக்கில் ஐந்து வருஷத் தண்டனை. 2001 நவம்பரில் வேறொரு வழக்கில் மறுபடி கைது. டிசம்பர் 31 அன்று தானே சிறையிலிருந்து நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இறந்தார். வயசு 47. மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2003 ஜனவரியில்.

காவலில் செத்த மனுஷனைப் பார்த்துச் சிரிக்க என்னால் ஆகாது. லாக்கப்பில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரோடு உட்கார்ந்தவள் நான். ஆனால் 'பலிகடா' என்று தோழர்களே எழுதும்போது கொஞ்சம் நிதானிக்கச் சொல்வேன். அவர் ஒருத்தர் மட்டும் செய்யவில்லை என்பது உண்மை. வெளிநாட்டு வங்கிகளும் மற்ற தரகர்களும் அதே சீட்டு விளையாட்டை ஆடினார்கள், பலர் நோகாமல் தப்பினார்கள் என்பதும் உண்மை. தொடர் இந்த உண்மையைச் சொல்கிறது, சொல்லி அதையே அவருக்கு ஒளிவட்டமாக மாட்டுகிறது. 2011 கணக்கெடுப்பில் நாம் நாட்டு மக்கள்தொகையில் 16.6 சதவீதம், சிறைகளில் அதைவிடக் கூடுதல். விசாரணைக் கைதியாகப் பத்தி எழுதுகிற வாய்ப்பு அவர்களில் எத்தனை பேருக்கு வாய்த்தது?

சரிவுக்குப் பிறகு நடந்ததைத் தொடர் சீர்திருத்தமாக மட்டும் பார்க்கிறது. தேசியப் பங்குச் சந்தை, காகிதமில்லாப் பங்கு, பல் முளைத்த செபி. நல்லதுதான். ஆனால் அதே வருஷங்களில் இன்னொன்றும் நடந்தது. பொதுத்துறை வங்கி என்றால் ஊழல், மந்தம் என்ற பொதுப்புத்திக்கு இந்த மோசடி உரம் போட்டது. 1993, 94 முதல் புதிய தனியார் வங்கிகள் வந்தன. அங்கே இடஒதுக்கீடு கிடையாது. கிராமக் கிளைகள் அந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில் குறைந்தன. எங்கள் தெருவில் முதல் பேன்ட் போட்ட ஆள் நாட்டுடைமையான வங்கியில் ஒதுக்கீட்டில் சேர்ந்த கிளார்க். அம்மாவை ஒன்பது நாள் நடக்கவிட்டதும் அப்படியொரு வங்கிதான், அதையும் மறைக்கப் போவதில்லை. அந்த வங்கிக்கு எதிராகவும் அந்த வங்கிக்காகவும் ஒரே நேரத்தில் பேச வேண்டிய இடத்தில்தான் நாம் நிற்கிறோம். யார் தோற்றார் என்ற கேள்விக்கு 1993லேயே முழுப் பதில் எழுதியிருக்க முடியாது. பதில் பின்னால்தான் வந்தது, தனியார் வங்கி வாசலில் விண்ணப்பத்தோடு நின்ற நம்ம பிள்ளைகளின் ரூபத்தில்.

வைகாசியில் வாசகர் வட்டம் மறுபடி கூடுகிறது. தம்பிக்குப் போன் போட்டேன். பங்குச் செயலியில் அவனுடைய கணக்கை, வாங்கியது விற்றது தேதிவாரியாக, அச்செடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் மாட்டுக்கடன் பாஸ்புக்கு எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, நான் கொண்டுபோகிறேன். "எல்லாருக்கும் முன்னாடியாக்கா?" என்றான். எல்லாருக்கும் முன்னாடிதான் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, எத்தனை மணிக்கு என்று கேட்டான்.